இரண்டு கட்டைக்கு இறங்கிய கம்பி: கோதிக் மெட்டல் குழு வளர்வதை எப்படிக் கேட்பது?

என் அண்ணன் மகளுக்குப் பதினைந்து வயது. ஆறு வருடமாகக் கர்நாடக வயலின் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஈசூனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தவள், ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து மட்டும் நகர்த்திவிட்டுக் கேட்டாள்:

"சித்தப்பா, இந்த பேண்டோட புது ஆல்பத்தப் பத்தி எல்லாரும் 'வளர்ந்துட்டாங்க, வளர்ந்துட்டாங்க'ன்னு சொல்றாங்க. எனக்குப் பழசு மாதிரியேதான் கேக்குது. வளர்றதுன்னா என்ன?"

அவள் கேட்டுக்கொண்டிருந்தது இத்தாலியின் மிலான் நகரத்துக் குழுவான லக்கூனா காயில். 2025 பிப்ரவரியில் வந்த 'ஸ்லீப்லெஸ் எம்பயர்' ஆல்பம். அன்று மாலை வரை பேசினோம். அந்தப் பேச்சைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். கோதிக் மெட்டல் என்ற பெயரையே இன்றுதான் கேள்விப்படுகிறீர்கள் என்றாலும் தொடர்ந்து படிக்கலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'வளர்ச்சி' என்ற சொல்லைச் சமையலில் உப்பு மாதிரி எல்லாவற்றிலும் போடுகிறார்கள். பாட்டு நீண்டால் வளர்ச்சி. பின்னணியில் வயலின் கூட்டம் சேர்ந்தால் வளர்ச்சி. பாடகி உச்ச ஸ்தாயியைத் தொட்டால் வளர்ச்சி. நான் அப்படி நினைக்கவில்லை. எந்த ஒலி எந்த இடத்தில் வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்று ஒரு குழுவுக்குத் தெளிந்திருந்தால் அதைத்தான் வளர்ச்சி என்பேன். இளம் குழு தன்னிடம் உள்ளதையெல்லாம் ஒரே பாட்டில் கொட்டும். வளர்ந்த குழு காத்திருக்கும்.

இது புரிய, அந்தக் குழுக்களிடம் என்னென்ன இருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

கோதிக் என்ற சொல்

சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்திலிருந்து மேலே ஏறினால் புல்வெளிக்கு நடுவே வெள்ளை வெளேரென்று செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் நிற்கும். அதை ஒட்டிய சாலையைக் கடந்தால் பெனின்சுலா கடைத்தொகுதிகள். கித்தார் வாங்கவும் பழுது பார்க்கவும் கம்பி மாற்றவும் இந்த ஊரில் பல தலைமுறைப் பையன்கள் ஏறி இறங்கிய படிகள் அங்கே இருக்கின்றன. நான் பதினெட்டு வயதில் முதல் கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது எதிரே தெரிந்தது அந்தத் தேவாலயம்தான். கோதிக் என்ற சொல்லுக்கு அர்த்தம் கண்ணெதிரே நிற்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

நுனி கூர்ந்த வளைவுகள், ஒடுங்கி உயர்ந்த ஜன்னல்கள், கழுத்தை அண்ணாந்து பார்க்க வைக்கும் கோபுரம். ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கட்டடக் கலை இது. 19ஆம் நூற்றாண்டில் அதை மறுபடி விரும்பிக் கட்டினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் அந்த இரண்டாம் அலையைச் சேர்ந்தது. முதல் வழிபாடு நடந்தது 1861ல். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட சிறைக் கைதிகள். சுவரில் பூசியது மதராஸ் சுண்ணாம்பு: சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசித் தேய்த்துப் பளபளப்பாக்கியது. சிங்கப்பூரின் கோதிக் சுவரில் நம் பக்கத்துக் கைகள் இருக்கின்றன. இந்த இசை நமக்கு முற்றிலும் அந்நியம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தச் சுவர்தான் நினைவுக்கு வரும்.

கட்டடத்திலிருந்து அந்தச் சொல் கதைக்குப் போனது. பாழடைந்த கோட்டை, பழைய குற்றம், இறந்தவரின் நிழல் என்று 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கோதிக் நாவல்கள் கிளம்பின. கதையிலிருந்து ராக் இசைக்கு வந்தது 1970களின் இறுதியில். பௌஹாஸ், லீட்ஸ் நகரத்து சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி போன்ற குழுக்கள் பேஸ் கித்தாரை முன்னால் கொண்டுவந்தன. பாடகர்கள் அடிவயிற்றுக் குரலில் பாடினார்கள். சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சியில் டிரம் வாசிக்க ஆளே கிடையாது. இயந்திரம்தான். இருட்டு அறையில் யாரோ தூரத்தில் பாடுவது போன்ற உணர்வு அதில் வரும்.

மெட்டலின் கதை வேறு ஊரில் தொடங்கியது. பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலையில் வேலை செய்த டோனி ஐயோமி என்ற இளைஞர், இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடது கையால் மீட்டுகிறவர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டிய விரல்கள் போய்விட்டன. பிளாஸ்டிக்கை உருக்கித் தானே விரலுறை செய்துகொண்டார். பின்னாளில் கம்பிகளின் சுதியையும் இறக்கினார். சுதி இறங்கினால் கம்பி தளரும், அழுத்துவது சுலபம், ஒலியும் கனக்கும். அவருடைய பிளாக் சாபத் குழுவின் முதல் ஆல்பம் 1970ல் வந்தது. ஹெவி மெட்டல் அங்கிருந்துதான் கிளைக்கிறது.

இந்த இரண்டு ஓடைகளும் கலந்த இடம் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ். 1988ல் அங்கே தொடங்கிய பாரடைஸ் லாஸ்ட் குழு, 1991ல் வெளியிட்ட இரண்டாவது ஆல்பத்துக்குப் பெயரே 'கோதிக்'. மெதுவாக உருளும் கனமான கித்தார், ஆணின் உறுமல், இடையிடையே ஒரு பெண் குரல், வாத்தியக் குழுவின் சாயல். அந்த ஆல்பத்தின் பெயர்தான் இந்த இசை வகைக்கும் ஒட்டிக்கொண்டது. அதை வெளியிட்ட பீஸ்வில் என்ற இசைத்தட்டு நிறுவனத்திலேயே இருந்த மை டையிங் பிரைட் குழு வயலினைச் சேர்த்தது. மூன்றாவதாக லிவர்பூலின் அனதீமா. பிறகு நார்வேயில் தியேட்டர் ஆஃப் டிராஜெடி, நெதர்லாந்தில் தி கேதரிங், போர்ச்சுகலில் மூன்ஸ்பெல், நியூயார்க்கின் புரூக்ளினில் டைப் ஓ நெகட்டிவ் என்று 1995க்குள் பல ஊர்களில் விளக்கேறிவிட்டது.

இந்த இடத்தில் அண்ணி சமையலறையிலிருந்து ஒரு கேள்வி கேட்டார். "இது அந்தச் சாத்தான் பாட்டு இல்லையே?" 2019 மார்ச்சில் ஒரு சுவீடன் குழுவின் நிகழ்ச்சி, நடக்கவிருந்த அன்றே இங்கு ரத்தானது அவருக்கு ஞாபகம் இருந்தது. அது பிளாக் மெட்டல், வேறு வகை. மத எதிர்ப்பை வெளிப்படையாகப் பேசிய மரபு அது. கோதிக் மெட்டல் பேசுவது பெரும்பாலும் இழப்பு, பிரிவு, மரணம், தீராத காதல். ஒரு பிள்ளை இதைக் கேட்கிறாள் என்றால் பெற்றோர் பாட்டின் வரிகளைச் சேர்ந்து உட்கார்ந்து படித்தாலே போதும், பாதிக் கவலை தீரும். அண்ணி அன்றே படித்தார்.

நம் இலக்கணத்தில் நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல், பொழுது எற்பாடு. கடற்கரை, சூரியன் இறங்கும் நேரம், வராத ஒருவனுக்காக வருந்தும் ஒருத்தி. துக்கத்துக்கென்று தனியாக ஒரு நிலமும் பொழுதும் ஒதுக்கி வைத்த மொழி நம்முடையது. துக்கத்தை அழகாகப் பாடுவது ஏன் என்று தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கையில் பிடித்துப் பார்த்தால்

சொல்லிப் புரிய வைப்பதை விடக் காட்டிவிடலாம் என்று கித்தாரை எடுத்தேன். ஆறாவது கம்பி, அதாவது இருப்பதிலேயே தடித்த கம்பி, சாதாரணமாக மூன்று கட்டையில் இருக்கும். கட்டை என்பது சுதியின் உயரத்தைச் சொல்லும் நம் கணக்கு. நொடிக்கு ஏறக்குறைய 82 அதிர்வுகள். திருகாணியை மெல்லத் திருப்பி இரண்டு கட்டைக்கு இறக்கினேன். 73 அதிர்வுகள். மீட்டியவுடன் கம்பி பிடியின் மேல் சடசடவென்று அடித்தது.

"ஐயோ, தொளதொளன்னு இருக்கே," என்றாள்.

அதற்காகத்தான் தாழ்ந்த சுதியில் வாசிப்பவர்கள் தடித்த கம்பி போடுகிறார்கள். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்துச் சொல்லும் கணக்கில் 46க்குப் பதில் 52, 56 என்று. நம் ஊர் ஈரக் காற்றில் அந்தத் தடித்த கம்பி சீக்கிரமே கறுத்து, ஒலி மங்கிவிடும். ஒவ்வொரு முறை வாசித்து முடித்ததும் துணியால் துடைக்க வேண்டும். பிறகு ஆம்ப்ளிஃபையரில் டிஸ்டார்ஷனை ஏற்றினேன். டிஸ்டார்ஷன் என்பது ஒலியை அதன் அளவுக்கு மேல் தள்ளி உச்சியைத் தட்டையாக நசுக்குவது. அப்போது கரகரப்பு கூடும், ஒலி நீண்டு நிற்கும். வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பி தொடங்கும் இடத்தில் லேசாக வைத்து மீட்டினால் 'ஜுக் ஜுக்' என்று அடங்கி ஒலிக்கும். கையை எடுத்தால் அலை மாதிரி விரியும். மெட்டல் கித்தாரின் பாதி இலக்கணம் இந்தக் கை வைப்பதிலும் எடுப்பதிலும்தான்.

அடுத்தது ராகம். மேற்கத்திய மைனர் ஸ்கேல் நமக்கு நடபைரவி. அதிலேயே நிஷாதத்தை மட்டும் உயர்த்தி காகலி நிஷாதம் ஆக்கினால் கீரவாணி. அவர்கள் அதை ஹார்மோனிக் மைனர் என்கிறார்கள். கோதிக் மெட்டலின் மெட்டுகளில் பெரும்பகுதி இந்த இரண்டு வீட்டுக்குள்தான் சுற்றுகிறது. 'ஜானி' படத்தில் எஸ். ஜானகி பாடிய 'காற்றில் எந்தன் கீதம்' கீரவாணி. அந்தப் பாட்டைக் கேட்டு ஒரு கணம் நெஞ்சு அடைத்தவர்களுக்கு இந்த இசையின் வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. 'மெலடிக்' என்ற அடைமொழிக்கு அர்த்தமும் அதுவே: கனமான ரிஃபுக்கு மேலே, வாய்விட்டு முணுமுணுக்கக்கூடிய ஒரு மெட்டு ஓட வேண்டும். ரிஃப் என்பது திரும்பத் திரும்ப வரும் சிறிய கித்தார்ச் சொற்றொடர். பல்லவி மாதிரி பாட்டைக் கட்டிப் பிடித்திருக்கும். பாரடைஸ் லாஸ்டின் கிரெகர் மாக்கின்டாஷ் ரிஃபின் மேலே ஒற்றைக் கம்பியில் மெதுவாக ஒரு மெட்டை இழுத்துக்கொண்டே போவார். கித்தார் பாடுகிறது என்றால் அதுதான்.

குரலுக்கு வருவோம். உறுமல் என்றால் கத்துவது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நம் தொண்டையில் பேசவும் பாடவும் அதிரும் குரல் நாண்களுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது. பொய்க் குரல் நாண்கள் என்பார்கள். உறுமலில் அவையும் சேர்ந்து அதிர்கின்றன. மூச்சு அடிவயிற்றிலிருந்து அளவோடு வர வேண்டும். கத்துகிறவர் பத்து நிமிடத்தில் குரல் கட்டி உட்கார்ந்துவிடுவார். பழகியவர் ஒன்றரை மணி நேரம் மேடையில் உறுமுவார். ஆண் உறுமலும் பெண்ணின் தெளிந்த குரலும் மாறிமாறி வருவதை அழகியும் அரக்கனும் என்று பெயரிட்டார்கள். 1995ல் தியேட்டர் ஆஃப் டிராஜெடியின் முதல் ஆல்பம் இந்த அமைப்பை ஊரறியச் செய்தது. பிறகு வந்த பலர் அதையே அச்சு மாறாமல் நகலெடுத்தார்கள்.

வளர்ச்சி இல்லாத குழுவைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி இங்கே இருக்கிறது. இரண்டு வரி அவன், இரண்டு வரி அவள், கோரஸில் இருவரும், மறுபடி இரண்டு வரி அவன். ஏன் இந்த வரியை அவன் உறுமுகிறான்? அந்த வரியில் கோபம் இருக்கிறதா, அவமானம் இருக்கிறதா? ஒன்றும் இல்லை, அவனுடைய முறை வந்துவிட்டது, அவ்வளவுதான். அதே குழு மூன்றாவது ஆல்பத்தில் ஒரு பாட்டு முழுவதையும் அவளிடம் விட்டுவிட்டு, கடைசி நிமிடத்தில், அவள் சொல்லத் துணியாத ஒரே வரிக்கு மட்டும் அவனைக் கொண்டுவந்தால், என் கை தானாக நின்று பாட்டைப் பின்னால் நகர்த்தி மறுபடி கேட்கும்.

கீபோர்டும் அப்படித்தான். முதல் ஆல்பங்களில் அது பூச்சு வேலை: கித்தாரின் பின்னால் ஒரு நீண்ட வயலின் ஒலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எடுத்துவிட்டாலும் பாட்டு நிற்கும். வளர்ந்த பிறகு அது தூணாகியிருக்கும்.

சில குழுக்கள், சில வருடங்கள்

பாரடைஸ் லாஸ்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990ல் முதல் ஆல்பத்தில் பாடகர் நிக் ஹோம்ஸ் முழுக்க உறுமுகிறார். 1993ல் 'ஐகான்' வரும்போது உறுமல் முரட்டுப் பாடலாகிவிட்டது. 1995ல் 'டிரகோனியன் டைம்ஸ்', பலர் அவர்களுடைய உச்சம் என்று சொல்லும் ஆல்பம். 1997ல் 'ஒன் செகண்ட்', குரல் தெளிந்து, மின்னணு ஒலிகள் உள்ளே வந்தன. 1999ல் 'ஹோஸ்ட்'. கித்தார் பின்னுக்குப் போய், கீபோர்டும் மின்னணுத் தாளமும் முன்னால் நின்றன. பழைய ரசிகர்கள் பலர் கோபித்துக்கொண்டு விலகினார்கள்.

'ஹோஸ்ட்' வளர்ச்சியா, விலகலா? எனக்கு அது வளர்ச்சிதான். அதில் கனம் இல்லை, ஆனால் துக்கம் குறையவில்லை. டிஸ்டார்ஷன் இல்லாமல் இருட்டை எப்படி எழுதுவது என்று அங்கே கற்றுக்கொண்டார்கள். 2015ல் 'தி பிளேக் விதின்' ஆல்பத்தில் ஹோம்ஸின் உறுமல் திரும்பி வந்தபோது, அது 1990ன் உறுமலாக இல்லை. பாடத் தெரிந்த ஒருவர் வேண்டுமென்றே உறுமத் தேர்ந்தெடுத்த இடங்கள் அவை. இடையில் அந்த நீண்ட சுற்று இல்லாமல் அது வந்திருக்காது. இன்னொரு செய்தி: ஹோம்ஸும் மாக்கின்டாஷும் 2023ல் தனியாக ஒரு மின்னணு இசை ஆல்பத்தை வெளியிட்டார்கள், அந்த முயற்சிக்கு ஹோஸ்ட் என்றே பெயர் வைத்தார்கள். ரசிகர்கள் தள்ளி வைத்த ஆல்பத்தின் பெயரை 24 வருடம் கழித்து அவர்களே நெஞ்சோடு எடுத்துக்கொண்டார்கள்.

சுவீடனின் கட்டாடோனியா கதை எனக்கு மிகவும் பிடித்தது. பாடகர் யோனாஸ் ரெங்க்ஸேவுக்கு உறுமுவது முடியாமல் போனது. 1996ல் வந்த 'பிரேவ் மர்டர் டே' ஆல்பத்துக்கு ஓப்பெத் குழுவின் மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் வந்து உறுமிக் கொடுத்தார். 1998ல் 'டிஸ்கரேஜ்ட் ஒன்ஸ்' வந்தபோது ரெங்க்ஸே முழுக்கப் பாடிவிட்டார், மெல்லிய, களைத்த குரலில். இன்று கட்டாடோனியா என்றாலே நினைவுக்கு வருவது அந்தக் களைத்த குரல்தான். ஒரு கதவு மூடிய பிறகு மீதமிருந்ததை வைத்துக் கட்டிய வீடு அது.

தி கேதரிங், அன்னெக்கே வான் கீர்ஸ்பெர்கன் என்ற பாடகி சேர்ந்ததும், 1995ல் வந்த 'மாண்டிலியன்' ஆல்பத்தில் மொத்தமாக மாறியது. அங்கே அரக்கனே இல்லை. அவர் ஒருவரே முழு ஆல்பத்தையும் தாங்கினார். மூன்ஸ்பெல் 2017ல் வெளியிட்ட '1755' முழுக்கப் போர்ச்சுகீசிய மொழியில். 1755 நவம்பர் 1 அன்று லிஸ்பனைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம்தான் பாடுபொருள். ஆங்கிலத்தில் பாடிப் பெயர் வாங்கிய குழு, தன் ஊரின் காயத்தைத் தன் மொழியில் பாடத் துணிவதும் வளர்ச்சியே. இசையைப் பற்றிப் பேசும்போது சொற்களை மறந்துவிடக் கூடாது.

நம் ஊரிலும் பார்க்கலாம். 1992ல் சிங்கப்பூரில் தொடங்கிய ருத்ரா கோதிக் குழு அல்ல, டெத் மெட்டல் என்ற உறுமல் மிகுந்த இன்னொரு வகை. கதிரின் குரலும் பேஸும், பாடுபொருளாக வேதாந்தம், நடுவே சமஸ்கிருத மந்திரங்கள். 1998ல் முதல் ஆல்பம். 2005, 2009, 2011 என்று மூன்று ஆல்பங்களில் 'பிரம்மவித்யா' வரிசையை விரித்தார்கள். ஒரே கேள்வியை ஆறு வருடம் கையில் வைத்துக்கொண்டு மூன்று ஆல்பம் செய்யும் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த வரிசையைக் கேட்பது கோதிக் மெட்டல் கேட்பதற்கும் நல்ல காதுப் பயிற்சி.

இருபது வருடம் கழித்து அதே பாட்டு

வளர்ச்சியைக் கேட்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது என்று நான் நினைக்கும் ஒன்று இருக்கிறது. லக்கூனா காயில் 2002ல் 'கோமலீஸ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. அவர்களை உலகுக்கு அறிமுகம் செய்தது அதுதான். 2022ல் அதே ஆல்பத்தின் பாடல்களை எல்லாம் பிரித்து, மறுபடி கட்டி, 'கோமலீஸ் எக்ஸ்எக்ஸ்' என்று புதிதாகப் பதிவு செய்தார்கள். பாட்டு அதே, பாடுகிறவர்களும் அதே கிறிஸ்டினா ஸ்காபியாவும் ஆன்ட்ரியா ஃபெர்ரோவும். இருபது வயது கூடியிருக்கிறது.

அண்ணன் மகளை உட்கார வைத்து, 'ஹெவன்ஸ் எ லை' பாட்டை முதலில் 2002, பிறகு 2022 என்று போட்டேன். முதல் தடவை ஆண் குரலை மட்டும் கவனிக்கச் சொன்னேன். 2002ல் ஃபெர்ரோ பெரும்பாலும் பாடுகிறார். 2022ல் உறுமல் அவருடைய கையில் ஒரு கருவியாகிவிட்டது. இரண்டாவது தடவை பெண் குரலை மட்டும். மூன்றாவது தடவை கித்தாரை மட்டும்: புதியதில் கனம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று.

அவளுக்கு 2022 பிடித்தது. எனக்குப் பாதிப் பாடல்களில் 2002தான் பிடிக்கும். பழைய பதிவில் ஒரு பனிமூட்டம் இருக்கிறது. அதைத் தயாரித்த வால்டெமார் சோரிக்தா என்பவர்தான் சுவீடன் குழுவான டியாமாட்டின் 'வைல்ட்ஹனி', மூன்ஸ்பெல்லின் 'உல்ஃப்ஹார்ட்', தி கேதரிங்கின் 'மாண்டிலியன்' ஆல்பங்களுக்கும் தயாரிப்பாளர். 1990களின் கோதிக் மெட்டலுக்கு என்று நாம் நினைக்கும் அந்த ஈரமான, ஆழமான ஒலியில் அவருடைய பங்கு பெரிது. ஆகவே ஒரு குழு மாறியதா, தயாரிப்பாளர் மாறினாரா என்றும் பார்க்க வேண்டும். புதிய பதிவில் மூட்டம் விலகி, ஒவ்வொரு ஒலியும் விளிம்போடு தெரிகிறது. கோபமான பாடல்களுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. ஏங்கும் பாடல்களுக்கு அந்த மூட்டம் தேவைப்பட்டது என்பேன். ஆக, ஒரே ஆல்பத்துக்குள்ளேயே ஒரு பாட்டில் வளர்ச்சியும் அடுத்த பாட்டில் இழப்பும் இருக்கலாம். "வளர்ந்துவிட்டார்கள்" என்று ஒரே சொல்லில் முழு ஆல்பத்தையும் மூடுவது எனக்கு ஒப்பாததற்குக் காரணம் இதுதான்.

பாரடைஸ் லாஸ்டும் 2023ல் 'ஐகான்' ஆல்பத்தை 'ஐகான் 30' என்று மறுபதிவு செய்தார்கள். அவர்கள் பாடல்களின் அமைப்பை அதிகம் கலைக்கவில்லை. இரண்டு குழுக்களின் இரண்டு அணுகுமுறையையும் அருகருகே வைத்துக் கேட்டால் இன்னும் நிறையப் பிடிபடும்.

புது ஆல்பம் ஒன்றை எப்படிக் கேட்பது என்று அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். முதல் முறை எதையும் ஆராயாதீர்கள். உட்லண்ட்ஸிலிருந்து மரினா பே வரை எம்ஆர்டியில் உட்கார்ந்து போகிற நேரம் ஏறக்குறைய ஒரு ஆல்பத்துக்குச் சரியாக இருக்கும். வெறுமனே கேளுங்கள். பாடல் வரிசையை மாற்றாதீர்கள். எந்தப் பாட்டுக்குப் பிறகு எது வர வேண்டும் என்று அவர்கள் யோசித்திருப்பார்கள். அடுத்த நாள் அதே குழுவின் முந்தைய ஆல்பம். அதற்கடுத்த நாள் மறுபடி புதியது, இப்போது ஒரே ஒரு வாத்தியத்தை மட்டும் பின்தொடர்ந்து. அமைதியான இடங்களைத் தேடுங்கள்: கித்தார் எங்கே நிற்கிறது, நின்ற பிறகு எவ்வளவு நேரம் திரும்பி வராமல் இருக்கிறது? எல்லாம் ஒரே சத்தத்தில் போனால் கனமான இடம் கனமாகவே கேட்காது. டிரம் பற்றி ஒரே ஒரு வார்த்தை: வேகத்தைப் பார்க்காதீர்கள், அடிகளுக்கு இடையில் விட்ட இடைவெளியைப் பாருங்கள்.

பேசி முடிக்கும்போது மாலை ஆறரை. அவள் தன் வயலின் பெட்டியைத் திறந்தாள். வயலின் இரண்டரைக் கட்டையில் இருந்தது. என் கித்தாரின் ஆறாவது கம்பியைக் கேட்டுக் கேட்டு அரைக் கட்டை இறக்கிச் சுதி சேர்த்தாள். நான் அந்த ஒரே கம்பியை நான்கு எண்ணிக்கைக்கு ஒரு தடவை மீட்டினேன், உள்ளங்கையை எடுத்துவிட்டு, அலை அடங்கும் வரை. அவள் கீரவாணியில் நுழைந்தாள். முதல் சுற்றில் பழக்கப்படி பிருகாக்களாக உதிர்த்தாள், நன்றாகவே இருந்தது. நிறுத்தினாள். வில்லைக் கம்பியில் வைத்துக்கொண்டே என் கையைப் பார்த்தாள்.

இரண்டாவது சுற்றில் பஞ்சமத்திலிருந்து ஏறி, காகலி நிஷாதத்தில் நின்றுவிட்டாள். மேல் ஷட்ஜத்துக்குப் போகவில்லை. கித்தார் அலை எழுந்து அடங்கியது, இன்னொரு அலையும் எழுந்து அடங்கியது. அப்போதும் போகவில்லை.

"சித்தப்பா, இன்னும் மெதுவா அடிங்க," என்றாள்.